இது, அது, அப்புறம் 'இட்': ஐந்து வாரம் பழகிப் பார்த்தது

பேத்திக்கு நான்கு வயது. டொராண்டோவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இங்கே மாலை ஏழு மணி, இப்போது அங்கே கோடைக்காலம் என்பதால் காலை ஒன்பதரை. அந்த நேரத்தில்தான் வீடியோ காலில் வருவாள். தமிழில் சொன்னால் புரியும், ஆனால் பேசுவது முழுக்க ஆங்கிலம். கும்பகோணத்தில் என் அடுப்படியைப் போனில் பார்த்தவுடன் அவள் கேட்பது ஒரே கேள்விதான்: "வாட்ஸ் தட், அப்பம்மா?" அந்தக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தப் பயிற்சியை ஆரம்பித்தேன். தினமும் இருபது நிமிடம். திஸ், தட் இரண்டு சொல் மட்டும். பன்மைப் பக்கமே போகவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு, போனில் குரல் பதிவு, அடுப்படிச் சாமான்கள், வேறொன்றும் இல்லை.

முதல் வாரம் சுலபமாகப் போனது. கையில் இருந்தால் திஸ், எட்ட இருந்தால் தட். குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு "திஸ் இஸ் எ லேடில்", பரண்மேல் இருக்கும் அண்டாவைக் காட்டி "தட் இஸ் எ பிக் பாட்". நம்மிடம் இதற்கு நான்கு சொல் இருக்கிறது: தனியாக நின்றால் இது, அது, பெயருக்கு முன்னால் வந்தால் இந்த, அந்த. ஆங்கிலத்தில் இரண்டு இடத்துக்கும் ஒரே சொல். "திஸ் இஸ் ஹாட்" என்றால் இது சூடு. "திஸ் கப் இஸ் ஹாட்" என்றால் இந்தக் கப் சூடு. இரண்டு நாளில் பிடிபட்டது.

உச்சரிப்புக்குத்தான் அதிக நேரம் ஆனது. பதிவைக் கேட்டுப் பார்த்தால் என் திஸ் 'துணி'யில் வரும் து மாதிரி அழுத்தமாக இருந்தது. நாக்கை வெளியே நீட்டிப் பார்த்தேன், கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன், சரிவரவில்லை. அப்புறம்தான் ஒன்று தட்டுப்பட்டது. 'அது' என்று சாதாரணமாகப் பேசும்போது நடுவில் வரும் து அடித்து வருவதில்லை, பல்லை உரசிக்கொண்டு மெதுவாக வருகிறது. ஆங்கிலத்துக்கு வேண்டியது அந்த உரசல்தான். அது, அது, அது என்று சொல்லிக்கொண்டே போய், நாக்கு பல்லில் பட்டிருக்கும்போதே முன்னால் உள்ள அகரத்தை விட்டுவிட்டுத் திஸ் என்று முடித்தேன். நான்கு நாள் இதையே செய்தேன். இது போல ஒரு வழி நம் மொழிக்குள்ளேயே இருந்தது எனக்குப் பெரிய சந்தோஷம். தட் என்பதில் வரும் உயிர் ஒலி நம்மிடம் இல்லை. ஆகாரத்துக்குத் திறப்பது போல வாயைத் திறந்துகொண்டு ஏகாரம் சொல்லப் பார்த்தால் பக்கத்தில் வருகிறது. இன்னும் பாதி நேரம் தவறுகிறது.

இரண்டாவது ஞாயிறு, அழைப்பில் முறத்தை எடுத்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். "வாட்ஸ் தட்?" "தட் இஸ் முறம்" என்றேன். கேள்வியில் தட் வந்ததால் பதிலிலும் அதையே போட்டுவிட்டேன். தமிழில் அப்படிச் செய்வோமா? "அது என்ன?" என்று எட்ட இருப்பவர் கேட்டால், கையில் வைத்திருப்பவர் "இதுவா? இது முறம்" என்றுதானே சொல்வார். சரி, அடுத்த முறை "திஸ் இஸ் எ முறம்" என்றேன். மருமகள் அதுவும் தப்பில்லை என்றாள், ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் "இட்ஸ் எ முறம்" என்பார்களாம். சுட்டிக்காட்டுகிற வேலை கேள்வியோடு முடிந்துவிட்டது, எந்தப் பொருள் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது, இனி இட் போதும்.

இந்த இடம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. நம் 'அது' இரண்டு வேலை செய்கிறது. தூரத்தில் இருப்பதையும் காட்டும், ஏற்கெனவே பேசிய பொருளையும் குறிக்கும். "ஒரு மிக்ஸி வாங்கினேன், அது நன்றாக ஓடுகிறது" என்னும்போது யாரும் விரலை நீட்டுவதில்லை. ஆங்கிலத்தில் இந்த இரண்டாவது 'அது'வுக்கு இட். நோட்டின் முதல் பதினைந்து பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். "ஐ பாட் எ மிக்ஸி. தட் இஸ் குட்" என்பது போல இருபத்திமூன்று வாக்கியம். எல்லாவற்றிலும் அது என்று நினைத்துத் தட் எழுதியிருக்கிறேன். மூன்றாவது வாரம் முழுவதும் இதற்கே போனது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் விரலை நீட்டிப் பார்ப்பேன். நீட்டத் தோன்றினால் தட். தோன்றாவிட்டால் இட். எல்லா இடத்துக்கும் இந்த முறை செல்லாது, ஆனால் அடுப்படியில் செல்லுகிறது.

செல்லாத இடம் பேத்தியிடமிருந்தே வந்தது. காக்காய் வடை கதை சொல்லி முடித்தேன். கைதட்டிக்கொண்டு "தட் வாஸ் ஃபன்னி!" என்றாள். கதை தூரத்திலா இருக்கிறது? இப்போதுதானே முடிந்தது. முடிந்துவிட்டாலே ஆங்கிலத்தில் அது அந்தப் பக்கம் போய்விடுகிறது. சாப்பிடும்போது "திஸ் இஸ் டேஸ்டி", தட்டைக் கழுவப் போடும்போது "தட் வாஸ் டேஸ்டி". ஒருவர் ஒன்று சொன்னதும் "தட்ஸ் ட்ரூ" என்பதும் இதே கணக்குதான். அவர் சொல்லி முடித்தாயிற்று. இனிமேல் சொல்லப்போவதற்கு "லிசன் டு திஸ்". நாமும் "இதைக் கேளு" என்று ஆரம்பிக்கிறோம், கேட்டுவிட்டு "அது சரி" என்கிறோம். ஆக, இங்கே தமிழும் ஆங்கிலமும் ஒன்றாகவே நடக்கின்றன.

மருமகள் யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண். அவள் குழந்தையிடம் "உது என்ன பிள்ளை?" என்று கேட்பதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். இந்த வாரம் விசாரித்தேன். "மாமி, உங்களுக்குக் கிட்ட இருக்கிறது எனக்கு உது. இரண்டு பேருக்கும் தூரத்தில இருந்தால்தான் அது எண்டுவம்" என்றாள். அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்து என்று பள்ளியில் மனப்பாடம் செய்தேன், ஆனால் எங்கள் பேச்சில் உகரம் எப்போதோ போய்விட்டது. அவர்கள் வாயில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. அவளுடைய உதுவும் ஆங்கிலத்தில் தட்தான். எதிரே இருப்பவர் கையில் இருந்தால், ஒரு முழம் தூரமே ஆனாலும் தட். போனில் பேத்தி பொம்மையைத் திரைக்கு மிக அருகில் கொண்டுவந்து காட்டும்போது நான் "வாட்ஸ் திஸ்?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். திரை என் கையில், பொம்மை அவள் கையில். "வாட்ஸ் தட்?" என்று மாற்றிக்கொண்டேன்.

நான்காவது வாரம் ஆட்களிடம் சிக்கினேன். மாடி வீட்டு அக்கா வந்திருந்தார். மருமகளிடம் ஆங்கிலத்திலேயே அறிமுகம் செய்ய ஆசை. ஆனால் நேரில் நிற்கும் பெரியவரைப் போய் 'இது' என்பதா என்று வாய் கூசியது. போட்டோவைக் காட்டி "இது எங்க அண்ணன்" என்று தமிழிலும் சொல்கிறோம், ஆள் எதிரே நின்றால் 'இவங்க' தான். ஆங்கிலத்தில் அறிமுகத்துக்குத் திஸ் மரியாதைக் குறைவில்லை என்று மருமகள் தைரியம் சொன்னாள். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும்தான். "திஸ் இஸ் மை நெய்பர். ஷி லிவ்ஸ் அப்ஸ்டேர்ஸ்." இரண்டாவது வாக்கியத்திலேயே ஷி வந்துவிட வேண்டும். போனில் தன்னைச் சொல்லிக்கொள்ளவும் திஸ்தான். நாம் 'நான்' என்று ஆரம்பிக்கிற இடம் அது. இதை இன்னும் பழகவில்லை.

போன ஞாயிறு இடியாப்ப உழக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "வாட்ஸ் தட், அப்பம்மா?" உழக்கைத் திரைக்கு அருகில் தூக்கினேன். "திஸ்? இட்ஸ் ஃபார் இடியாப்பம்." சொல்லி முடித்து இரண்டு நொடி கழித்துத்தான் சரியாகச் சொன்னது எனக்கே உறைத்தது. அவள் கவனிக்கவில்லை, மாவு எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைய தேதியை மட்டும் நோட்டில் எழுதி வைத்தேன். நோட்டில் இன்னும் ஒன்பது பக்கம் மீதி இருக்கிறது. திங்கட்கிழமையிலிருந்து தீஸ், தோஸ்.