ஐ5-க்கும் ஐ7-க்கும் நடுவே 12,000 ரூபாய்

இரண்டு லேப்டாப்கள். ஒரே பாடி, ஒரே திரை, ஒரே 16 ஜிபி ரேம். ப்ராசஸர் மட்டும் வேறு: ஒன்றில் இன்டெல் ஐ5-1335யு, இன்னொன்றில் ஐ7-1355யு. வித்தியாசம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். “கூடக் கொஞ்சம் போட்டு ஐ7-ஆவே எடுத்துடுங்க சார், அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்ல” என்பார் கடைக்காரர்.

அந்தக் கொஞ்சத்துக்கு என்ன கிடைக்கிறது? ப்ராசஸருக்குள் வேலையைச் செய்கிற பகுதிதான் கோர்; இரண்டிலும் பெரிய கோர் 2, சின்ன கோர் 8. இரண்டிலும் 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைகள்), 12 எம்பி கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவகம்). உச்ச வேகம் ஐ5-ல் 4.6 கிகாஹெர்ட்ஸ், ஐ7-ல் 5.0. ஒன்பது சதவீதம்கூடத் தேறாது. அந்த உச்சமும் கொஞ்ச நேரத்துக்குத்தான். இரண்டுக்கும் அடிப்படை மின் வரம்பு 15 வாட். அவசரத்துக்கு 55 வாட் வரை இழுக்கும். மெல்லிய பாடி, ஒற்றை ஃபேன் என்றால் அரை நிமிடத்துக்குள் சூடேறி இரண்டுமே 15, 20 வாட்டுக்கு இறங்கிவிடும். ஏசி இல்லாத அறையில் இன்னும் சீக்கிரம். அதற்கப்புறம் ஓடுகிற நீண்ட வேலையில் இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

2024-ல் வந்த புதுப் பெயர்களிலும் இதே கதைதான். கோர் 5 120யு, கோர் 7 150யு: இரண்டும் 10 கோர், 5.0-க்கு எதிரே 5.4 கிகாஹெர்ட்ஸ்.

5, 7 என்ற எண்ணைவிட ப்ராசஸர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். ஐ5-1340பி-யில் பெரிய கோர் 4, சின்ன கோர் 8, அடிப்படை 28 வாட். கூலிங் ஒழுங்காக உள்ள பாடியில், புரோகிராம் கம்பைல் செய்வது, வீடியோ எக்ஸ்போர்ட் போன்ற வேலைகளில் இந்த ஐ5, ஐ7-1355யு-வை முந்தும். ஸ்டிக்கரில் இதெல்லாம் தெரியாது.

ஐ7-க்கு நியாயமான ஒரு வாதம் உண்டு: உள் கிராஃபிக்ஸ். ஐ5-ல் 80 யூனிட், ஐ7-ல் 96. ஆனால் இதிலேயே ஒரு பொறி இருக்கிறது. ஐரிஸ் எக்ஸ்இ என்ற இந்த உள் கிராஃபிக்ஸ் முழுசாக வேலை செய்ய ரேம் இரட்டைச் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பாதைகளில், ஓட வேண்டும். ஒற்றை ரேம் மட்டும் மாட்டியிருந்தால் டிவைஸ் மேனேஜரில் ‘யுஎச்டி கிராஃபிக்ஸ்’ என்றே காட்டும். கேமில் ஃபிரேம்கள் விழும். ஒற்றை 8 ஜிபி போட்ட ஐ7-ஐவிட, 8+8 போட்ட ஐ5 கேமுக்கு நல்லது.

12,000 ரூபாயை ப்ராசஸரில் போடாமல் முதலில் ரேமில் போடுங்கள், அதுவும் போர்டிலேயே சால்டர் செய்த (பற்றவைத்த, பின்னால் மாற்ற முடியாத) ரேம் என்றால் கண்டிப்பாக. ரேம் வகை எல்பிடிடிஆர்5 என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் சால்டர்தான். 8 ஜிபி-யோடு வாங்கினால் கடைசி வரை 8 ஜிபி. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று தெரியும். 8 ஜிபி சால்டரோடு ஒரு காலி ஸ்லாட் இருந்தால் விலை குறைந்த மாடலை எடுத்து, பிறகு ஒரு 8 ஜிபி மாட்டிக்கொள்ளலாம். 16 மாட்டினாலும் ஓடும். முதல் 16 ஜிபி இரட்டைச் சேனலிலும் மிச்ச 8 ஒற்றையிலும் ஓடும். ரேம் வகை டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ என்று பார்த்து வாங்குங்கள். ஒன்றின் வெட்டு இன்னொன்றின் ஸ்லாட்டில் உட்காராது.

அடுத்தது திரை. விவரப் பட்டியலில் ‘45% என்டிஎஸ்சி, 250 நிட்ஸ்’ என்றிருந்தால் (முன்னது நிற அளவு, பின்னது வெளிச்ச அளவு), இணையத்தில் வழக்கமான நிறத் தொகுப்பான எஸ்ஆர்ஜிபி நிறங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் வரும். கடையில் ஒரு சிவப்புப் பட்டுப் புடவைப் படத்தைத் திறந்து, உங்கள் போனையும் பக்கத்தில் வையுங்கள். அரக்குச் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரிந்தால் அந்த பேனல்தான். 100% எஸ்ஆர்ஜிபி பேனலுக்கு ஐயாயிரம் கூடக் கேட்டாலும் யோசிக்காமல் கொடுக்கலாம். பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால் கேபிள் 30 பின்னா 40 பின்னா, மாட்டும் காதுகள் பொருந்துமா என்று அலைய வேண்டும், வாரண்டியும் சிக்கலாகும்.

பேட்டரிக்குச் சாதாரணக் கணக்கு போதும். எழுத்து, பிரவுசர் வேலையில் சராசரி 8 வாட் இழுத்தால் 42 வாட்-அவர் பேட்டரி ஐந்தேகால் மணி நேரம் வரும், 60 என்றால் ஏழரை. ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி-க்காக மட்டும் மேல் மாடலுக்குப் போகாதீர்கள். அதைப் பெரும்பாலும் பிறகு மாற்றலாம். உள்ளே 42 மி.மீ. நீளம்தான் பிடிக்குமா, 80 பிடிக்குமா என்பதை மட்டும் முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று: ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று பேனல், இரண்டு அளவு பேட்டரி வருவதுண்டு. விற்பனைப் பக்கத்தில் இருப்பது பல நேரம் மொத்தக் குடும்பத்துக்குமான பட்டியல். பெட்டியின் ஸ்டிக்கரில் உள்ள முழு மாடல் எண்ணை, கடைசி எழுத்து வரை, தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பாருங்கள். பில் போடுவதற்கு முன்னால்.