பாறை உடைத்ததா, நட் உடைத்ததா?

இறக்கத்தில் மெதுவாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தேன். ஃபோர்-வீல் டிரைவ் வண்டி, லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர் நிலை), முதல் கியர், கூட நடந்து வருபவர் முந்திப் போய்விடும் வேகம். 'டப்' என்று ஒரு சத்தம். வண்டியின் முன்பக்க இடது மூலை அப்படியே உட்கார்ந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் ஹப்பில், அதாவது வீல் மாட்டும் நடுப்பாகத்தில், நட்டுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றின் அடியில் வீலின் நடுப்பகுதி துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. மீதி வீல் டயரோடு சாய்ந்து கிடக்கிறது. கம்பெனி வீலைக் கழற்றிவிட்டு நான் ஆசையாக வாங்கிப் போட்ட அலாய் வீல், நான்கு மாதம்கூட ஆகவில்லை.

கூட வந்தவர்கள் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். "மட்டமான வார்ப்பு" என்றான் ஒருவன். "எங்கேயோ பாறையில் இடித்திருக்கிறாய்" என்றான் இன்னொருவன். அன்று எனக்கும் இந்த இரண்டைத் தவிர மூன்றாவது காரணம் தோன்றவில்லை.

ஜாக் வைப்பதற்கு முன்பே எல்லாப் பக்கமும் படம் எடுத்தேன். உடைந்த துண்டுகளைப் பொறுக்கி ஒரு சாக்கில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்தும் கழுவவில்லை. அது சோம்பல்தான், அறிவு இல்லை. ஆனால் கடைசியில் என்னைக் காப்பாற்றியது அந்தச் சாக்குதான்.

அப்புறம் அலைச்சல் ஆரம்பித்தது. வண்டிக் கம்பெனி, 'அது எங்கள் வீல் இல்லை' என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. நியாயம்தான். காப்பீட்டில், வீல் மாற்றியதை நான் தெரிவிக்கவே இல்லை, அதனால் அந்தக் கதவும் மூடியது. கடைக்காரர், வீல் தயாரித்தவர்களுக்கு எழுதச் சொன்னார். அவர்கள் உத்தரவாதப் பத்திரத்தை அனுப்பி, ஒரு பத்தியைக் கட்டம் கட்டிக் காட்டினார்கள்: பந்தயம், கரடுமுரடான பாதை, மோதல், தவறான பொருத்தம் ஆகியவற்றால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் கிடையாது.

இதில் வேடிக்கை, அதே வீலின் விளம்பரத்தில் வண்டி பாறை மேல் ஏறி ஒரு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது! அந்தப் படத்தைச் சேமித்து பதில் கடிதத்தோடு அனுப்பினேன். அதற்கு அப்புறம்தான், 'மோதல் இல்லை என்று காட்டினால் பரிசீலிக்கிறோம்' என்று இறங்கி வந்தார்கள்.

காட்டுவது எப்படி? உலோகச் சோதனை செய்யும் ஒருவரிடம் சாக்கைக் கொண்டுபோனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "உடைந்த முகங்களைப் பொருத்திப் பார்த்தீர்களா?" இல்லை என்றதும் அவர் முகம் மலர்ந்தது. பொருத்திப் பார்த்தால் ஒன்றோடொன்று உரசி, உள்ளே இருக்கும் தடயம் அழிந்துவிடுமாம். லென்ஸை என்னிடமே கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ஒரு ஸ்டட் (நட் மாட்டும் திருகுக் கம்பி) துளையின் ஓரத்திலிருந்து, கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள் மாதிரி, வளைவு வளைவாகக் கோடுகள். அந்த இடம் வழவழப்பாக, அழுக்கேறி மங்கியிருந்தது. அதைத் தாண்டினால் சொரசொரப்பாக, பளிச்சென்று புது உடைவு. வழவழப்பான பகுதி பல நாட்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த விரிசல். சொரசொரப்பு, கடைசி நிமிடத்தில் தாங்க முடியாமல் விட்டுப்போனது. ஒரே அடியில் உடைந்திருந்தால் அந்தக் கோடுகள் இருக்காது. ரிம் விளிம்பிலும் இடித்த தடம் இல்லை.

சரி, அப்படியானால் வார்ப்பில் கோளாறா? அதுவும் இல்லை. விரிசல் தொடங்கிய இடத்தில் காற்றுக்குமிழ் எதுவும் இல்லை. வீலின் பின்புறம் ஜேடபிள்யூஎல் (ஜப்பானிய அலாய் வீல் தரநிலை) முத்திரையும் தாங்கும் எடையும் பொறித்திருந்தது. வண்டியின் அச்சு (ஆக்சில்) தாங்கும் எடையில் பாதியையாவது ஒரு வீல் தாங்க வேண்டும். இது அதற்கு மேலேயே தாங்கும். (அந்த முத்திரை சுழற்சி, பாரம், மோதல் ஆகிய சோதனைகளைத் தேறியதற்கு அடையாளம், எந்தப் பாறையையும் தாங்கும் என்ற வாக்குறுதி இல்லை. இதை நானும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.)

கோளாறு நட்டில் இருந்தது. என் வண்டியோடு வந்த நட்டுகளின் அடிப்பக்கம் பந்து போல உருண்டையானது. புது வீலின் துளை கூம்பு வடிவம். கூம்புக்குள் உருண்டை உட்கார்ந்தால் மெல்லிய வளையமாக மட்டுமே தொடும். முறுக்கும்போது இறுகியது மாதிரி இருக்கும், ஓட ஓடத் தளரும். தளர்ந்த வீல் ஸ்டட்டில் ஆடி ஆடித் துளையை நீள்வட்டமாக்கி, அங்கிருந்து விரிசல் கிளம்பியிருக்கிறது. இரண்டு வாரமாக ஸ்டீயரிங்கில் லேசான நடுக்கம் இருந்தது. சேறு ஒட்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கடையில் போய்ச் சொன்னால், "புது நட்டுதான் போட்டோம்" என்று சாதித்தார்கள். பில்லை எடுத்துக் காட்டினேன். நான்கு வீல், பொருத்துக்கூலி, வீல் பேலன்ஸிங் எல்லாம் இருக்கிறது. நட் என்ற வரியே இல்லை. அவர்கள் பில்லைத் திருப்பிக் காட்டினார்கள். '100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சில் சரிபார்க்கவும்.' டார்க் ரெஞ்ச் என்பது எவ்வளவு இறுக்கம் என்று அளந்து முறுக்கும் ஸ்பானர். நான் சரிபார்க்கவில்லை. சரிபார்த்திருந்தால் தளர்வாவது தெரிந்திருக்கும். அந்த இடத்தில் என் குரல் கொஞ்சம் இறங்கியது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

எப்படியும் மற்ற மூன்று வீலையும் இங்கேயே கழற்றிப் பார்ப்போம் என்றேன். பின்பக்க வலது வீலில் இரண்டு துளைகள் நீள்வட்டமாகியிருந்தன. ஒன்றின் ஓரத்தில் முடி கனத்தில் விரிசல். அதைப் பார்த்த பிறகு யாரும் பாறையைப் பற்றிப் பேசவில்லை. அந்த இரண்டு வீலும், நான்கு சக்கரத்துக்கும் கூம்பு நட்டுகளும் கடைக்காரர் செலவு. டயர், வண்டியைக் கட்டி இழுத்து வந்த கூலி, சோதனைச் செலவு மூன்றும் என் தலையில். பேரம் அங்கே நின்றது.

பின்பக்க இடது வீலின் ரிம் விளிம்பும் வளைந்திருந்தது. டயரில் காற்றழுத்தத்தை 15 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்து வைத்துக்கொண்டு கல் மேல் ஏறியது நான்தான். அந்த வீலைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.