கையுறை போட்ட கையும் கழுவ வேண்டிய கைதான்

சென்னையில் செவிலிய மாணவியருக்கு வார்டில் பயிற்சி அளிப்பவள் என்ற முறையில் நான் காண்பது இது: அவர்களுக்குக் கை கழுவும் முறை நன்றாகவே தெரியும், எப்போது கழுவுவது என்பதில்தான் பிசகு நேர்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் உள்ள, கை சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்களை வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால் தடுமாறாமல் சொல்கிறார்கள். ஆனால் வார்டில், இரத்தமோ சிறுநீரோ பட்டவுடன் குழாயடிக்கு ஓடும் அதே மாணவி, அடுத்த நோயாளியைத் தொடுவதற்கு முன் கை சுத்தம் செய்ய மறந்துவிடுகிறாள். முதலாவதை அருவருப்பே நினைவூட்டிவிடுகிறது. நோயாளியைக் காக்கும் இரண்டாவதை நினைவூட்ட உடம்பில் எதுவும் இல்லை.

கையுறை இந்த மறதியை வளர்க்கிறது என்பது என் கருத்து. சிறுநீர்ப் பையைக் காலி செய்த கையுறையோடே கட்டில் கம்பி, கேஸ் ஷீட், பக்கத்துக் கட்டில்காரரின் கானுலா (நரம்பில் செருகிய மருந்துக் குழாய்) என்று தொட்டுக்கொண்டு போனால், கிருமிக்கு நாமே வழித்துணை ஆகிறோம். கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கக்கூடும், கழற்றும்போதும் கையில் அழுக்கு ஒட்டும் என்பதால், கையுறையைக் கழற்றியதும் கையைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். ஆல்கஹால் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி. சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. திரவம் காயும்வரை பொறுக்க வேண்டும். மே மாத வெக்கையில் ஈரக் கையில் கையுறை ஏறாது என்பது வேறு விஷயம். கையில் அழுக்கு தெரிந்தாலும், நோயாளிக்கு கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற குடல் பாக்டீரியாவால் வயிற்றுப்போக்கு இருந்தாலும் சோப்புதான். அதன் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது.

வியப்பு என்னவென்றால், தன்னைக் காக்கும் அந்த உணர்வு, பயன்படுத்திய ஊசி தன் கையில் குத்திய நேரத்தில் மட்டும் திட்டு விழுமோ என்ற பயத்திடம் தோற்றுவிடுகிறது; யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். எச்.ஐ.வி. உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், ஹெபடைடிஸ் பி-யில், தடுப்பூசி போடாதவருக்கு அது 30 சதவீதம் வரை போகும். 1980-களின் நடுவில் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகளில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் 1986-இல் தெரியவந்தன. இன்றைய பாதுகாப்பு வசதிகள் அவருக்குக் கிடைக்கவில்லை. இன்று வெள்ளை நிற ஊசிப் பெட்டி கையெட்டும் தூரத்தில் இருந்தும், பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடும் பழக்கம் போகவில்லை.

குத்திய இடத்தைப் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே பொறுப்புச் செவிலியரிடம் சொல்ல வேண்டும்; எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் 2 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகள் முடிய 6 மாதங்கள் ஆகும் என்பதால், கல்லூரியில் சேர்ந்த வாரமே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுமாறு புதிய மாணவியரிடம் சொல்லிவருகிறேன்.