தொண்டையில ரெண்டு விரல்

பள்ளி மலருக்கு எழுதுங்கன்னு கேட்டதும் முதல்ல கண்ணு முன்னாடி வந்தது, தொண்டையில ரெண்டு விரலை வச்சுக்கிட்டு போர்டு பக்கத்துல நின்ன எங்க இங்கிலீஷ் டீச்சர்தான்.

போர்டுல ரெண்டு வார்த்தை இருந்துச்சு, ரெண்டையும் நாங்க லூஸ்னுதான் படிச்சோம். ஒண்ணு loose, சட்டை தொளதொளன்னு இருக்கறது, இன்னொண்ணு lose, எதையாவது தொலைக்கறது. "ரெண்டும் ஒண்ணு இல்லம்மா, விரலை வச்சுப் பாருங்க"ன்னாங்க. தொளதொள லூஸ் முடியறப்ப வெறும் காத்துதான், விரல்ல ஒண்ணும் தெரியல. தொலைக்கற லூஸ் முடியறப்ப வண்டு ரீங்காரம் மாதிரி ஒரு அதிர்வு, விரல் நுனி வரைக்கும் வந்துச்சு. எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு, இத்தனை வருஷம் இது காதுல விழவே இல்லையேன்னு.

நம்ம எழுத்துல ரெண்டுக்கும் ஒரே 'ஸ்' தானே, அப்புறம் காது எப்படிப் பிரிக்கும். இன்னொண்ணும் சொன்னாங்க, ஸ்பெல்லிங்ல ரெண்டு ஓ வர்றதுலதான் லூ கொஞ்சம் குட்டை, ஒரே ஓ வர்றதுல நீளம், ஏன்னா கடைசியில காத்துச் சத்தம் வந்தா அதுக்கு முன்னாடி இருக்கற உயிரோசை சுருங்கிடும், எழுத்தை எண்ணிப் படிச்சா தலைகீழாதான் வரும். அட்வைஸும் இதே கதைதான், பெயர்ச்சொல்லா வந்தா காத்து, வினையா வந்தா அதிர்வு. யூஸும் அப்படியே.

"பல்லியையும் பள்ளியையும் பிரிக்கற உங்களுக்கு இது வராதா"ன்னு கேப்பாங்க. தமிழ் வகுப்புல மயங்கொலி எழுத்து எட்டையும் மனப்பாடம் பண்ணவங்கதானே நாம, அந்த ஒரு கேள்வியில பயம் போயிடுச்சு.

விரலுக்கு அகப்படாததும் இருக்கு. ஸ்டேஷனரி, அசையாம நிக்கறதுக்கு ஏ (stationary), பேப்பர் பேனாவுக்கு ஈ (stationery), சத்தம் ஒண்ணேதான். அந்தக் காலத்து ஐரோப்பாவுல ஊர் ஊரா சுத்தி விக்காம ஒரே இடத்துல நின்னு புத்தகம் வித்தவருக்கு ஸ்டேஷனர்னு பேரு, அதனால ரெண்டும் ஒரே வேர்தான்னு சொல்லிக் குடுத்தாங்க. அதுக்கப்புறம் எனக்கு அது மாறினதே இல்ல.

லூஸ் மட்டும் ஒரு தடவை மாறிடுச்சு. வெளிநாடு வந்த புதுசுல ஒரு கஸ்டமருக்கு, உங்களை இழக்க விரும்பலன்னு உருகி உருகி எழுதின மெயில்ல ரெண்டு ஓ போட்டு அனுப்பிட்டேன், அதுவும் சரியான வார்த்தைதானே, ஸ்பெல்செக் கண்டுக்கவே இல்ல. இப்பவும் அந்த வார்த்தை வந்தா, அனுப்பறதுக்கு முன்னாடி கை தானா தொண்டைக்குப் போகுது டீச்சர்.