சூப்பர்சார்ஜர் காருக்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர்: சிங்கப்பூர் வெயிலுக்கு நான் தேர்ந்தெடுத்த விதம்

என்னிடம் இருப்பது பி8 தலைமுறை ஆடி எஸ்4. 2,995 சிசி வி6 இன்ஜின். டர்போ கிடையாது. இரண்டு வரிசை சிலிண்டர்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில், இன்ஜினே பெல்ட் மூலம் சுழற்றிக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் ஈட்டன் சூப்பர்சார்ஜர் உட்கார்ந்திருக்கும். பத்து வருடம் முடிந்ததும் சிஓஇ (காரை வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து, அதன் பிறகு ஆண்டுக்கு ஆண்டு ஏறும் சாலை வரியையும் கட்டிக்கொண்டு இந்தக் காரை விடாமல் வைத்திருக்கிறேன். மிதித்த கணமே வருகிற அந்த இழுவைதான் காரணம். டர்போ கார்களில் இருக்கும் அந்தச் சின்னத் தயக்கம் இதில் இல்லை.

ஆனால் அந்த இழுவை எல்லா நேரமும் ஒரே மாதிரி வருவதில்லை. விடியற்காலையில் எடுத்தால் ஒரு கார். மாலையில் சிடிஇ விரைவுச்சாலை நெரிசலில் ஊர்ந்துவிட்டு வழி கிடைத்ததும் மிதித்தால் வேறொரு கார். சூப்பர்சார்ஜர் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

காரணம் எளிது. காற்றை அழுத்தினால் அது சூடாகும். அந்தச் சூட்டை எடுக்க, சூப்பர்சார்ஜர் கூட்டுக்குள்ளேயே சிலிண்டர் வரிசைக்கு ஒன்றாக இரண்டு சிறிய இன்டர்கூலர்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஓடுவது சூட்டை ஏந்திச் செல்லும் திரவமான கூலன்ட். ஒரு எலெக்ட்ரிக் பம்ப் அந்தக் கூலன்டை முன் பம்பருக்குப் பின்னால் இருக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குத் தள்ளுகிறது. அங்கே வெளிக்காற்று பட்டு ஆறித் திரும்புகிறது. உள்ளே போகும் காற்று 10 டிகிரி கூடினால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 3 விழுக்காடு குறையும். அதோடு போகாது. நாக்கிங் (எரிபொருள் நேரம் தவறி வெடிப்பது) வராமல் காக்க, காரின் கணினியான ஈசியு இக்னிஷன் டைமிங்கையும், அதாவது தீப்பொறி விழும் நேரத்தையும், பின்னுக்கு இழுக்கும். காலில் தெரியும் சோம்பலில் பெரும்பங்கு இந்த இரண்டாவதுதான் என்பது என் கணிப்பு.

பாகம் தேடும் முன் அளந்து பார்த்தேன். ஓபிடி போர்ட்டில் (காரின் கணினியோடு பேச உதவும் செருகுவாய்) ஒரு கருவியைச் செருகி, உள்ளே போகும் காற்றின் சூடு, டைமிங், இன்ஜின் சூடு மூன்றையும் பதிவு செய்தேன். வழக்கமாக எல்லோரும் பார்ப்பது சூடு எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதை. நம் ஊருக்கு அதைவிட முக்கியம், ஏறிய சூடு எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பது. வெளியே 32 டிகிரி என்றால், எவ்வளவு பெரிய எக்ஸ்சேஞ்சர் போட்டாலும் கூலன்ட் அதற்குக் கீழே போகாது. அது இயற்பியல், காசு கொடுத்து மாற்ற முடியாது. நாம் வாங்கக்கூடியது இறங்கும் வேகத்தைத்தான்.

மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டியவர்களுக்கு இது உடனே புரியும். அங்கே இரண்டு நீண்ட நேர்ப்பாதைகள். பின் நேர்ப்பாதையின் முடிவில் 15-ஆவது வளைவு, ஒரு கொண்டை ஊசி. அதைத் தாண்டியதும் பிரதான நேர்ப்பாதை. அதாவது இன்ஜின் முழு மூச்சில் ஓடி, ஒரே ஒரு வளைவில் இளைப்பாறி, மறுபடியும் முழு மூச்சில் ஓட வேண்டும். என் பதிவில் முதல் நேர்ப்பாதையில் ஏறிய சூடு அந்த வளைவில் இறங்கவே இல்லை. அப்படியே அடுத்ததிலும் தொடர்ந்து 60-ஐத் தாண்டியது.

இந்தப் பதிவை எடுத்துக்கொண்டு காக்கி புக்கிட்டில் என் காரைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். ஜொகூர்க்காரர், இந்த வகை ஆடிகளை நிறையப் பிரித்து மாட்டியவர். போனில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, பம்ப் ஓடுதான்னு பாத்தீங்களா?"

ஸ்கேன் கருவியில் பம்பை மட்டும் தனியாக ஓட வைத்தார். கையை அதன் மேல் வைத்துப் பார்த்தார், என்னையும் வைக்கச் சொன்னார். ஓடியது, ஆனால் சீராக இல்லை. விட்டு விட்டு ஒரு அதிர்வு. பிறகு எக்ஸ்சேஞ்சருக்குப் போகும் குழாயையும் வரும் குழாயையும் தொட்டுக் காட்டினார். ஒன்று கை வைக்க முடியாத சூடு, மற்றது வெதுவெதுப்பு. "வித்தியாசம் நல்லாத்தானே இருக்கு, அண்ணே?" என்றேன். "ரொம்ப நல்லா இருந்தா தண்ணி மெதுவா போகுதுன்னு அர்த்தம்லா," என்றார். கூலன்ட் எக்ஸ்சேஞ்சருக்குள் அதிக நேரம் தங்கி நன்றாக ஆறுகிறது. ஆனால் ஆறிய கூலன்ட் மேலே போதிய அளவு போய்ச் சேரவில்லை.

அதனால் முதல் செலவு புதுப் பம்ப். அதை மட்டும் மாற்றிப் பதிவு எடுத்தபோதே சூடு இறங்கும் வேகம் கண்ணுக்குத் தெரிய மாறியது. பழைய காருக்கு எக்ஸ்சேஞ்சர் தேடுகிறவர்கள் இந்தப் படியைத் தாண்ட வேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொல்வேன். பலவீனமான பம்பின் முன்னால் பெரிய எக்ஸ்சேஞ்சர் வைப்பது வீண்.

அதற்குப் பிறகுதான் தேர்வு. ஏபிஆர், ஏடபிள்யூஇ, 034மோட்டார்ஸ்போர்ட் என்று இந்த இன்ஜினுக்குச் செய்பவர்கள் பலர். எல்லாரும் பெரிய கோர் (கூலன்டின் சூடு காற்றுக்கு மாறும் நடுப்பகுதி), அதிகக் கொள்ளளவு என்றுதான் சொல்கிறார்கள். நான் பார்த்தது வேறு மூன்று விஷயங்களை.

முதலாவது தடிமன். இந்தக் காரில் எக்ஸ்சேஞ்சருக்குப் பின்னால் ஏசியின் சூட்டை வெளியேற்றும் கன்டென்சர், அதற்குப் பின்னால் ரேடியேட்டர். முன்னால் நிற்பது எவ்வளவு தடித்ததோ அவ்வளவு குறைவான காற்றுதான் பின்னால் இருப்பவற்றுக்குப் போகும். குளிர் நாட்டில் ஓட்டுபவருக்கு இது பெரிதல்ல. இங்கே ஏசி அணைத்து ஓட்டுவது என்ற பேச்சே இல்லை. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் வெள்ளிக்கிழமை மாலை வரிசையில் நிற்கும்போது, காரின் முகத்தில் படும் காற்று ஃபேன் இழுப்பது மட்டும்தான். அங்கே ஏசி வெதுவெதுப்பாக ஊதினால் பின்சீட்டில் இருக்கும் அம்மாவிடம் என்ன விளக்கம் சொல்வது? எனவே தடிமன் கூடாமல் பரப்பளவு கூடிய வடிவம்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இரண்டாவது கோரின் கட்டுமானம். பார் அண்ட் பிளேட் வகை கனமானது, கல் பட்டாலும் தாங்கும், திடீர்ச் சூட்டை நிறைய உள்வாங்கும். ஆனால் ஒருமுறை சூடேறிவிட்டால் ஆற நேரம் எடுக்கும், காற்றையும் கொஞ்சம் தடுக்கும். டியூப் அண்ட் ஃபின் வகை (குழாய்களும் அவற்றுக்கிடையே ஃபின் எனும் மெல்லிய தகடுகளும்) இலேசானது, காற்றை எளிதாக விடும், சீக்கிரம் ஆறும். அடி தாங்குவது குறைவு. ஒரே ஒரு முறை முழு வேகத்தில் ஓடிவிட்டு நிறுத்துபவருக்கு முதலாவது நல்லது. நெரிசலில் ஊர்ந்து, எப்போதாவது செப்பாங் போகும் எனக்கு இரண்டாவது. இணையத்தில் பார் அண்ட் பிளேட்டுக்குத்தான் மவுசு அதிகம். நம் சாலைக்கு அது பொருந்தாது என்பதே என் கருத்து.

மூன்றாவது, எதையும் வெட்டாமல் மாட்ட முடியுமா என்பது. சில பெரிய கோர்களுக்குப் பம்பருக்குள் பிளாஸ்டிக்கைச் சீவ வேண்டும் என்கிறார்கள். மோதலில் ஆளைக் காக்கும் உலோகச் சட்டத்தின் பக்கத்தில் கத்தி போவதை நான் ஒப்பவே மாட்டேன். பத்து வருடம் தாண்டிய கார் ஆண்டுதோறும் இன்ஸ்பெக்‌ஷனுக்கும் போயாக வேண்டும். மாற்றங்களை நிலப் போக்குவரத்து ஆணையமான எல்டிஏ மூன்று விதமாகப் பிரித்து வைத்திருக்கிறது: அனுமதி தேவையில்லாதவை, அனுமதி தேவைப்படுபவை, கூடவே கூடாதவை. வாங்கப்போகும் பாகத்தின் விவரத்தை அனுப்பி, எழுத்தில் கேட்டுத் தெளிந்த பிறகுதான் பணம் கட்டினேன்.

பிராண்டை வேண்டுமென்றே எழுதவில்லை. சூப்பர்சார்ஜரை வேகமாகச் சுழற்றப் புல்லி மாற்றிய காருக்கும் என்னுடையது போல ஒன்றும் தொடாத காருக்கும் பதில் வேறு.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது, எடை, பெட்டியின் அளவு இரண்டில் எது கூடுதலாக வருகிறதோ அதற்குத்தான் கூரியர் காசு. அகலமான, இலேசான பொருள் என்பதால் அனுப்பும் செலவு எதிர்பார்த்ததைவிடக் கூடியது. பொருள் விலை, அனுப்பும் செலவு எல்லாவற்றுக்கும் சேர்த்து 9 விழுக்காடு ஜிஎஸ்டி.

மாட்டும் வேலையில் பம்பரைக் கழற்றி, முன் சட்டத்தை முன்னுக்கு இழுத்து வைத்தபோது, பழைய எக்ஸ்சேஞ்சருக்கும் கன்டென்சருக்கும் நடுவே இலை, தூசி, வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் அடிபட்ட பூச்சிகள் எல்லாம் கம்பளம்போல ஒட்டியிருந்தன. அண்ணன் மெல்லிய நீர்ப்பீச்சலில் பின்பக்கத்திலிருந்து முன்னோக்கிக் கழுவினார். ஓரங்களில் காற்று நழுவாமல் அடைக்கும் தடுப்புகளையும் ஒன்று விடாமல் திரும்ப மாட்டினார். அவை இல்லாவிட்டால் காற்று கோரைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

கூலன்ட் விஷயத்தில் ஒரு கேள்வி எழுந்தது. உறையும் குளிர் இங்கே இல்லை, வெறும் தண்ணீர் சூட்டை இன்னும் நன்றாகக் கடத்துமே என்று. ஆனால் இந்தக் காரில் இன்டர்கூலர் சுற்றும் இன்ஜின் சுற்றும் ஒரே எக்ஸ்பேன்ஷன் டேங்கை (சூட்டில் விரியும் கூலன்டுக்கு இடம் தரும் தொட்டி) பகிர்கின்றன. அலுமினியம் அரிக்காமல் காப்பது கூலன்டில் உள்ள சேர்மானம்தான். கம்பெனி சொன்ன கலவையையே ஊற்றினோம்.

காற்றை வெளியேற்றுவதில்தான் அவர் அதிக நேரம் செலவிட்டார். வேக்குவம் போட்டு நிரப்பியும் அவருக்குத் திருப்தியில்லை. இன்டர்கூலர்கள் சுற்றின் மிக உயரமான இடத்தில் இருப்பதால் காற்று அங்கேதான் தங்கும். பம்பை ஓடவிட்டு மேலே உள்ள திருகைச் சற்றே தளர்த்தினார். முதலில் சீறல், பிறகு நுரை, பிறகு கூலன்ட் விட்டு விட்டு. கம்பிபோல ஒரே ஒழுங்காக வரும்வரை காத்திருந்துதான் இறுக்கினார்.

இப்போது சிடிஇ நெரிசலில் சூடு முன்புபோலத்தான் ஏறுகிறது. நின்றுகொண்டிருக்கும் காரில் அதைத் தடுக்க வழியில்லை. ஆனால் வண்டி நகர்ந்ததும் பழைய நிலைக்குத் திரும்ப முன்பு எடுத்த நேரத்தில் பாதிகூட ஆவதில்லை. செப்பாங்கில் 15-ஆவது வளைவைத் தாண்டும்போது டைமிங் கோடு இப்போது சரியவில்லை. ஏசியில் மாற்றமே இல்லை. மலேசியா போய்வந்த பிறகு கிரில் வழியாக டார்ச் அடித்து ஃபின்களைப் பார்த்துவிட்டு, அழுக்கு சேர்ந்திருந்தால் குழாய்த் தண்ணீரில் மெதுவாகக் கழுவுகிறேன். பிரஷர் வாஷரை அதன் கிட்டே கொண்டுபோவதில்லை, ஃபின்கள் மடங்கிவிடும்.