மசோதாவை வரையறைப் பிரிவிலிருந்து படியுங்கள்

போராட்டங்களைக் கட்டுப்படுத்தும் மசோதா வந்ததும் எல்லோரும் தேடுவது தண்டனைப் பிரிவைத்தான். எத்தனை ஆண்டு சிறை, எவ்வளவு அபராதம்? அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். யார் மாட்டுவார்கள் என்பதைத் தீர்மானிப்பது தொடக்கத்தில் வரும், சொற்களுக்குப் பொருள் சொல்லும் வரையறைப் பிரிவு.

பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். போராட்டங்களுக்குப் போலீஸ் நிபந்தனை விதிக்கச் சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்று "கடுமையான இடையூறு". 2023-இல் உள்துறை அமைச்சர் கொண்டுவந்த விதிகள், "அற்பத்துக்கு மேற்பட்ட" இடையூறு இருந்தாலே அது கடுமையானது என்றன. போலீஸ் தலையிடும் எல்லை ஒரே சொல்லில் கீழே இறங்கிவிட்டது. 2024 மே மாதம் உயர் நீதிமன்றம் அந்த விதிகள் செல்லாது என்றது. 2025-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அதற்குள் அந்த விதிகளின்படி கைதுகள் நடந்து முடிந்திருந்தன.

அடுத்து, தகவல் கொடுத்தால் போதுமா, அனுமதி வாங்க வேண்டுமா? பெயருக்கு "அறிவிப்பு" என்று எழுதிவிட்டு, ஒப்புகை கிடைத்த பிறகே கூடலாம் என்று ஓர் உட்பிரிவு சேர்த்திருந்தால் அது அனுமதிதான். காலக்கெடுவையும் கணக்குப் போடுங்கள். ஏழு நாள் முன்பே மனு கொடுக்க வேண்டும், மறுப்பு மட்டும் முந்தின நாள் மாலையில் வரலாம் என்றால், நீதிமன்றம் போக நேரமே இல்லை. பதில் வராவிட்டால் கூடலாமா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். திடீரென ஒரு சம்பவம் நடந்து மக்கள் கூடினால் அறிவிப்புக் கேட்கக் கூடாது என்கிறது அமைதியாகக் கூடும் உரிமையை விளக்கும், ஐ.நா. மனித உரிமைக் குழுவின் 2020-ஆம் ஆண்டு பொதுக் கருத்துரை 37. அமைதிக் கூட்டத்துக்கான காவல் செலவை நடத்துபவர் தலையில் கட்டக் கூடாது என்பதும் அதில் உண்டு.

காவல்துறைக்கு வரையறையற்ற அதிகாரம் கொடுக்கும் பிரிவுக்கு எதிராக 1972-இல் தீர்ப்பான ஹிம்மத்லால் ஷா வழக்கைக் காட்டலாம். எந்த வழிகாட்டுதலும் இல்லாமல் அனுமதி மறுக்க இடம்கொடுத்த அகமதாபாத் விதியை இந்திய உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில்தான் ரத்து செய்தது.

"அமைப்பாளர்" யார் என்பதையும் விடாதீர்கள். "பங்கேற்க ஊக்குவித்தவர்" என்று இருந்தால் வாட்ஸ்அப்பில் செய்தியைப் பகிர்ந்தவரும் அதில் அடங்குவார்.

மசோதா பற்றி அரசு மக்களிடம் கருத்து கேட்கும் காலத்தில் "இது ஜனநாயக விரோதம்" என்று மட்டும் எழுதினால் கோப்பில் சேர்த்து மூடிவிடுவார்கள். பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு மாற்று வாசகத்தையே எழுதிக் கொடுங்கள். உதாரணமாக, "இடையூறு ஏற்படக்கூடும் எனக் கருதினால்" என்பதை நீக்கி, "வன்முறை உடனடியாக நிகழும் என்பதற்கான காரணங்களை எழுத்தில் பதிவுசெய்த பின்னரே" என்று சேர்க்கக் கேளுங்கள்.