மேம்படுத்தல் வட்டைக் கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுதல்

பழைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்குக் குறைந்த விலையில் விற்கப்பட்ட, மேலட்டையில் 'அப்கிரேட்' என்று அச்சிட்ட விண்டோஸ் வட்டில் இயங்குதளத்தின் ஒரு பகுதிதான் இருக்கிறது, மீதியைக் கணினியில் ஏற்கெனவே உள்ள பழைய விண்டோஸிலிருந்து அது எடுத்துக்கொள்கிறது என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். அது சரியன்று. அந்த வட்டில் முழு இயங்குதளமும் இருக்கிறது. விண்டோஸ் 7-ஐப் பொறுத்தவரை, முழு விலை கொடுத்து வாங்கிய டி.வி.டி.க்கும் மேம்படுத்தல் டி.வி.டி.க்கும் உள்ள வேறுபாடு உடன் வரும் 25 எழுத்து புராடக்ட் கீயில்தான் (உரிமத்தைக் காட்டும் குறியீட்டில்தான்) அடங்கியிருந்தது. எனவே காலியான ஹார்ட் டிஸ்கில் அதை நிறுவ முடியுமா என்பதன்று கேள்வி. பழைய பதிப்புக்கு நாம் உரியவர்தாம் என்பதற்கான சான்றை நிறுவல் நிரல் எந்தக் கட்டத்தில், எங்கே தேடுகிறது என்பதே கேள்வி. அது தெரிந்துவிட்டால் மற்றவை எளிது. தெரியாமல் முதலிலேயே ஃபார்மேட் செய்பவர்கள்தாம் பாதி வழியில் நிற்கிறார்கள்.

விண்டோஸ் 98, எக்ஸ்பி ஆகியவற்றின் காலத்தில் இந்தச் சோதனை நேர்மையாகவே இருந்தது என்பேன். பழைய வட்டு உங்களிடம் இருக்கிறதா, காட்டுங்கள் என்று கேட்டது; அவ்வளவுதான். எக்ஸ்பியின் மேம்படுத்தல் சி.டி.யிலிருந்து கணினியைத் துவக்கினால், நீலத் திரையில் எழுத்துகளாக ஓடும் முதற்கட்டத்திலேயே, முந்தைய விண்டோஸ் எதுவும் காணப்படவில்லை, அதன் சி.டி.யைச் செருகவும் என்ற செய்தி வரும். எக்ஸ்பி வட்டை வெளியே எடுத்து, விண்டோஸ் 98 அல்லது 2000 சி.டி.யைச் செருகி என்டர் விசையை அழுத்தினால், டிரைவ் சிறிது நேரம் சுழன்று அதைச் சரிபார்க்கும். பிறகு எக்ஸ்பி வட்டை மீண்டும் செருகச் சொல்லும். அதன்பின் டிஸ்கின் பிரிவான பார்ட்டிஷனை அழிப்பதும் ஃபார்மேட் செய்வதும் நம் விருப்பம். கணினி தயாரிப்பாளர்கள் கொடுத்த ரிக்கவரி வட்டுகளைத்தான் இந்தச் சோதனை பெரும்பாலும் ஏற்காது. அவற்றில் விண்டோஸின் நிறுவல் கோப்புகள் வழக்கமான அமைப்பில் இருப்பதில்லை. அசல் வட்டை வைத்திருந்தவர்களுக்கு வேலை சில நிமிடங்களில் முடிந்தது.

எக்ஸ்பியைப் பற்றி இன்னொன்று. சர்வீஸ் பேக் (பின்னர் வந்த திருத்தங்களின் தொகுப்பு) எதுவும் சேராத முதல் வெளியீட்டு சி.டி., எவ்வளவு பெரிய ஹார்ட் டிஸ்காக இருந்தாலும் ஏறத்தாழ 137 ஜி.பி. வரைதான் காணும். மீதி இடம் எங்கே போயிற்று என்று ஹார்ட் டிஸ்கைக் குறை சொல்லிப் பயனில்லை. சர்வீஸ் பேக் 1-க்குப் பிறகே அந்த வரம்பு நீங்கியது.

2007 ஜனவரியில் கடைகளுக்கு வந்த விஸ்டா இந்த ஏற்பாட்டை மாற்றியது. பழைய வட்டைக் காட்டினால் போதாது, பழைய விண்டோஸ் கணினியில் நிறுவப்பட்டே இருக்க வேண்டும், அதற்குள்ளிருந்துதான் நிறுவலைத் தொடங்க வேண்டும் என்றாயிற்று. வட்டிலிருந்து நேரடியாகத் துவக்கி மேம்படுத்தல் கீயைத் தட்டினால் நிரல் மறுத்துவிடும். ஹார்ட் டிஸ்க் பழுதாகிப் புதியது மாட்டியவர், முதலில் எக்ஸ்பியை முழுமையாக நிறுவி, அதன் மேல் விஸ்டாவை நிறுவ வேண்டும் என்பதே இதன் பொருள். உரிமம் வைத்திருப்பவரை இப்படி அலைக்கழிப்பதில் எந்த நியாயமும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு வழி விரைவிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. கீயைக் கேட்கும் இடத்தை வெற்றாக விட்டு, தானாகவே ஆக்டிவேஷன் (கீயை மைக்ரோசாஃப்டிடம் உறுதிசெய்தல்) செய்யும் தேர்வையும் நீக்கிவிட்டால், ஹோம், பிசினஸ் முதலியவற்றுள் எந்தப் பதிப்பு என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுவல் தொடரும். கையிலுள்ள கீக்கு உரிய பதிப்பையே இங்கே தேர்ந்தெடுக்க வேண்டும். கீ இல்லாமல் 30 நாள் இயங்கக்கூடிய விஸ்டா இப்போது கணினியில் இருக்கிறது. அதற்குள்ளிருந்து அதே வட்டை மறுபடி ஓட்டி, கீயைக் கொடுத்து, 'அப்கிரேட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், விஸ்டா தன்னையே முந்தைய பதிப்பாக ஏற்றுக்கொண்டு தன் மேலேயே மேம்படுத்திக்கொள்ளும். ஒரே வேலையை இரு முறை செய்ய நேரம் ஆகும். ஆனால் பிசகாத முறை இது.

2009 அக்டோபர் 22-இல் வெளியான விண்டோஸ் 7-இல் நிலைமை இன்னும் விசித்திரம். எக்ஸ்பி வைத்திருந்தவர்களும் மேம்படுத்தல் பதிப்பை வாங்க உரிமை பெற்றிருந்தார்கள்; ஆனால் எக்ஸ்பியிலிருந்து 7-க்கு நேரடியாக மேம்படுத்தும் வசதியே இல்லை. 'கஸ்டம்' என்ற தேர்வின் வழியாகப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும். அதாவது, ஒரு பெரும் கூட்டத்துக்கு மேம்படுத்தல் வட்டு என்பதே புதிய நிறுவலுக்கான வட்டாகத்தான் இருந்தது. எக்ஸ்பிக்குள்ளிருந்து தொடங்கினால் பழைய விண்டோஸ், நிரல்கள், பயனர் கோப்புகள் ஆகியவை 'விண்டோஸ் ஓல்டு' என்ற கோப்புறைக்குள் ஒதுக்கி வைக்கப்படும். தேவையானவற்றை எடுத்துக்கொண்டு அதைப் பின்னர் அழித்துவிடலாம். கையில் காப்பு நகல் இல்லாதவருக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான்.

காலி டிஸ்கில் வட்டிலிருந்தே துவக்கி நிறுவியவருக்குச் சிக்கல் இறுதியில் வரும். நிறுவல் எல்லாம் ஒழுங்காக முடியும், திரை அழகாக வரும், ஆக்டிவேஷன் செய்யும்போதுதான் இந்தக் கீ மேம்படுத்தலுக்கு மட்டுமே உரியது, புதிய நிறுவலுக்கு அன்று என்ற பிழைச்செய்தி வரும். இதன் காரணம், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் பதிந்திருக்கும் ஒற்றை மதிப்புதான். ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, லோக்கல் மெஷின் பிரிவில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், செட்டப், ஓஓபிஇ (OOBE) என ஒன்றன் உள்ளே ஒன்றாகச் சென்றால், வலப்பக்கத்தில் 'மீடியாபூட்இன்ஸ்டால்' (MediaBootInstall) என்று ஒரு வரி இருக்கும். கணினி வட்டிலிருந்து துவக்கப்பட்டு நிறுவப்பட்டது என்பதை அதன் மதிப்பு 1 குறிக்கிறது. அதை 0 என்று மாற்ற வேண்டும். பிறகு நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ஆக்டிவேஷன் அவகாசத்தை மீட்டமைக்கும் எஸ்.எல்.எம்.ஜி.ஆர். கட்டளையை 'ரீஆர்ம்' என்ற விருப்பத்தோடு (slmgr /rearm) ஓட்டி, கட்டளை நிறைவேறியது என்ற சிறு பெட்டி தோன்றியதும் கணினியை மறுதுவக்கம் செய்து, கீயைத் தட்டினால் ஆக்டிவேஷன் நடக்கும். ரீஆர்ம் கட்டளையை விண்டோஸ் 7-இல் மூன்று முறைதான் பயன்படுத்த முடியும் என்பதால், மதிப்பை மாற்றாமல் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டி வீணாக்கக் கூடாது. வேறு எந்த வரியையும் தொட வேண்டாம்.

இது திருட்டு வழியா என்று சிலர் தயங்குவதுண்டு. பழைய பதிப்பின் உரிமம் உங்களிடம் உண்மையாகவே இருக்குமானால், ஒப்பந்தத்தின் கருத்துக்கு மாறாக நீங்கள் எதையும் செய்யவில்லை. நிரல் தவறாக ஊகித்ததைத் திருத்துகிறீர்கள். இல்லையென்றால், கீ ஏற்கப்பட்டாலும் உரிமம் வந்துவிடாது. மேம்படுத்திய பின் அந்தப் பழைய எக்ஸ்பியை வேறொரு கணினியில் போட்டுப் பயன்படுத்தவும் இயலாது. புதிய உரிமம் அதன் மேல்தான் நிற்கிறது. ஆகையால் பழைய வட்டையும் அதன் கீ ஒட்டிய உறையையும் தூக்கிப் போடாதீர்கள்.

டிஸ்கைத் துடைப்பதற்கு முன் இணைய இணைப்புக்கு வேண்டிய நெட்வொர்க் டிரைவர் நிரலைப் பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சற்றுப் புதிய கணினியில் விண்டோஸ் 7-ஐ நிறுவும்போது யு.எஸ்.பி. 3 டிரைவர் அந்த வட்டில் இல்லாததால் கீபோர்டும் மவுஸும் நிறுவல் திரையிலேயே செயலற்றுப்போவதும் உண்டு. இன்று இந்த வேலையைச் செய்பவர் பெரும்பாலும் விண்டோஸ் 7-இல் மட்டும் இயங்கும் பழைய ஸ்கேனர் அல்லது கருவி ஒன்றுக்காகவே செய்வார். 2020 ஜனவரி 14-உடன் விண்டோஸ் 7-க்கான ஆதரவு முடிந்துவிட்டதால், ஆக்டிவேஷன் முடிந்ததும் அக்கணினியை இணையத்திலிருந்து விலக்கி வைப்பதே நல்லது.

2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-இல் சான்று வட்டிலும் இல்லை, டிஸ்கிலும் இல்லை. மைக்ரோசாஃப்டின் சர்வரில் இருக்கிறது. தொடக்கத்தில், இலவச மேம்படுத்தலை ஒருமுறை செய்து கணினியின் அடையாளம் அங்கே பதிவான பிறகே, கீ எதுவும் கொடுக்காமல் எத்தனை முறை வேண்டுமானாலும் புதிதாக நிறுவ முடிந்தது. அவ்வாண்டு நவம்பர் வெளியீட்டிலிருந்து விண்டோஸ் 7, 8 ஆகியவற்றின் கீகளையே நிறுவலின்போது நேரடியாகக் கொடுக்க முடிந்தது. அந்த வழி 2023-இல் அடைக்கப்பட்டது. சர்வரில் உள்ள கணினியின் பதிவு மதர்போர்டைச் சார்ந்தது. மதர்போர்டை மாற்ற நினைப்பவர், மாற்றுவதற்கு முன்பே மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உரிமத்தை இணைத்து, ஆக்டிவேஷன் பக்கத்தில் அது இணைந்ததாகக் காட்டுகிறதா என்பதைப் பார்த்துவிட வேண்டும்.